பழைய லிவர் ரைபிள் வாங்கும் முன்: காகிதம் முதலில், துப்பாக்கி பிறகு

என் முதல் வின்செஸ்டர் ரைபிளுக்கு முன்பணம் கொடுத்த பிறகு ஐந்து மாதம் அதைத் தொடக்கூட முடியவில்லை. ரசீது என் சட்டைப் பையில் இருந்தது. துப்பாக்கி பென்சில்வேனியாவில் ஒரு வியாபாரியின் இரும்பு அலமாரியில் கிடந்தது. நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருளுக்கு அனுமதி எதற்கு என்று நினைத்தேன். மத்திய அரசின் சட்டமும் அப்படித்தான் சொன்னது. நான் குடியிருக்கும் நியூ ஜெர்சியின் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது என்பது பணம் கைமாறிய பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு, விசைக்குக் கீழே உள்ள இரும்பு வளையத்தை, அதாவது லிவரை, தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தானே ஏறும் அந்தப் பழைய ரைபிள்களின் மேல் ஆசை வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரலாறு சொல்லப் போவதில்லை. எந்தக் காகிதம், எவ்வளவு செலவு, எத்தனை நாள், எங்கே ஏமாறுவோம் என்பது மட்டும்.

1. உங்கள் விசா என்ன?

மாடலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி மத்திய சட்டத்தின் கணக்கில் துப்பாக்கியே அல்ல, பழம்பொருள். ஆகவே எச்-1பி விசாவில் இருப்பவரும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. துப்பாக்கிதான் பழம்பொருள், தோட்டா பழம்பொருள் ஆகாது. அலமாரியில் அழகுக்கு வைத்த ஒரே ஒரு .44-40 தோட்டா போதும், நீங்கள் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்தவும் முடியும். மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி. நான் கிரீன் கார்டு வரும்வரை அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். பொறுக்க முடியாதென்றால், வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

2. 1898 என்ற கோடு

மத்திய சட்டம் பார்ப்பது ரிசீவர் செய்யப்பட்ட ஆண்டை. ரிசீவர் என்பது குழலும் மரக்கட்டையும் வந்து சேரும் நடு இரும்புப் பெட்டி. அதன் மேல் எழுதியிருக்கும் மாடல் ஆண்டுக்கு எந்த மதிப்பும் கிடையாது. புதியவர்கள் விழும் முதல் குழி இது. 'மாடல் 1894' என்று பொறித்திருக்கும் ரைபிள் 1910-இல் செய்யப்பட்டதாக இருக்கலாம். அது பழம்பொருள் அல்ல. கடைக்காரரிடம் மத்திய அரசின் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்துத்தான் வாங்க வேண்டும். வின்செஸ்டர் 1876 போன்ற சில மாடல்கள் முழுவதுமே 1898-க்குள் முடிந்துவிட்டவை. அங்கே இந்தத் தலைவலி இல்லை.

ஆண்டைக் கண்டுபிடிக்க சீரியல் எண் வேண்டும். வின்செஸ்டர் 1873, 1886 ஆகியவற்றில் அது லிவருக்குப் பின்னால், பிடியின் அடியில் நீளும் இரும்பு நாக்கில் இருக்கும். 1892, 1894 இரண்டிலும் ரிசீவரின் அடிப்பக்கத்தில் முன்னால் பாருங்கள். எண் கிடைத்ததும் அட்டவணையில் தேடுவோம். அங்கேதான் அடுத்த சிக்கல். பழைய நூல்களில் அச்சாகிப் பரவிய ஆண்டு அட்டவணைகளும் தொழிற்சாலைப் பேரேடுகளில் உள்ள தேதிகளும் சில மாடல்களுக்கு ஒத்துப்போவதில்லை. எண் 1898-ஐ ஒட்டி வந்தால் எந்த அட்டவணையையும் நம்பாதீர்கள். படி 6-இல் சொல்லும் கடிதம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

1898-க்குப் பிந்தையதாக இருந்தாலும் ஐம்பது ஆண்டு கடந்த ரைபிள்களை மட்டும் சேர்க்க விரும்புவோருக்கு மத்திய அரசு தரும் சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு. 'சி அண்ட் ஆர்' என்பார்கள். கட்டணம் 30 டாலர், மூன்று ஆண்டுக்குச் செல்லும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தின் நகலை உள்ளூர்க் காவல்துறைத் தலைவருக்கும் அனுப்ப வேண்டும். எனக்கு இரண்டு மாதத்தில் வந்தது. உரிமத்தின் கீழ் வாங்குவதையும் விற்பதையும் பேரேட்டில் எழுதி வைப்பது கட்டாயம். இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது சுமையாகத் தெரியும். 1898-க்கு முந்தையவை மட்டும் போதும் என்றால் இந்த உரிமம் உங்களுக்குத் தேவையே இல்லை. என்னிடம் இருக்கிறது. பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது.

3. மாநிலச் சட்டம்: நான் மாட்டிய இடம்

பென்சில்வேனியக் கண்காட்சியில் நான் பார்த்தது 1880-களில் செய்த வின்செஸ்டர் 1873, .44-40. மத்திய சட்டப்படி சந்தேகமே இல்லாத பழம்பொருள். விற்றவருக்கும் அவர் ஊர்ச் சட்டம் மட்டுமே தெரியும். முன்பணம் கொடுத்துவிட்டு, மீதியைக் கொடுத்து எடுத்துப்போக அடுத்த வாரம் வருகிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு சட்டத்தின் வாசகத்தைப் படித்தேன். அதற்கு முந்தைய இரவு படித்திருக்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் தோட்டா போட்டுச் சுடக்கூடிய ரைபிள் பழம்பொருள் ஆவதற்கு இரண்டு முக்கிய நிபந்தனைகள். 1898-க்கு முன் செய்திருக்க வேண்டும். 1898-இல் செய்தது சேராது. அதோடு, அதற்கான தோட்டா வணிகரீதியாகக் கிடைக்காததாக இருக்க வேண்டும். .44-40 தோட்டா இன்றும் பெட்டி பெட்டியாக விற்கிறது. ஆகவே என் 1873, வயது எத்தனை ஆனாலும், இங்கே சாதாரணத் துப்பாக்கி. .44 ஹென்றி ரிம்ஃபயர் (அடி விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும்) தோட்டா போடும் வின்செஸ்டர் 1866 மாதிரியானவையே இந்த விலக்குக்குள் பொருந்துகின்றன. .45-75 போன்ற தோட்டாக்களைச் சிறு பட்டறைகள் இப்போது செய்து விற்கின்றன; 'கிடைக்கிறதா, இல்லையா' என்று காவலரிடம் நின்று வாதாடிப் பார்க்கும் விஷயம் அல்ல இது.

அப்புறம் என்ன, வரிசையில் நின்றேன். நியூ ஜெர்சியில் ரைபிள் வாங்கத் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை வேண்டும். செலவும் காலமும் எனக்கு ஆனபடி சொல்கிறேன்:

அட்டைக் கட்டணம் 50 டாலர். முன்பு 5 டாலராக இருந்ததை 2022 சட்டம் ஏற்றிவிட்டது. அட்டை பத்து ஆண்டு செல்லும். கைரேகைக்குத் தனியாக அறுபது டாலர் அளவில் ஆயிற்று. பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான சான்று வேண்டும்; ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. மனநலப் பதிவுகளைப் பார்க்கச் சம்மதப் படிவம் தர வேண்டும். உங்களைத் தெரிந்த இருவரைச் சான்றாளர்களாகக் காட்ட வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் அவர்களுக்கு மின்னஞ்சலில் கேள்விகள் அனுப்பும். என் சான்றாளர்களில் ஒருவருக்கு வந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் விழுந்து மூன்று வாரம் கிடந்தது. காவல் நிலையமும் நினைவூட்டவில்லை, நானும் கேட்கவில்லை. விண்ணப்பித்த அன்றே இருவரிடமும் சொல்லி, குப்பைப் பெட்டியைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். சட்டம் 30 நாள் என்கிறது. எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. "நம் கல்யாணத்துக்குக்கூட இத்தனை கையெழுத்துப் போடவில்லை" என்றாள் மனைவி.

அட்டை வந்த பிறகும் நான் பென்சில்வேனியாவுக்குப் போய்த் தூக்கி வரவில்லை. அந்த வியாபாரி நியூ ஜெர்சியில் உரிமம் பெற்ற ஒரு கடைக்கு அனுப்பி, அங்கே பின்னணிச் சோதனை முடிந்து என் கைக்கு வந்தது. கடைக்காரர் கூலி 75 டாலர்.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. டெக்சாஸில் இருப்பவர் இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் இருக்கும் நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். எந்த மாநிலமானாலும் சட்டப் புத்தகத்தில் 'ஆன்டிக் ஃபயர்ஆர்ம்' என்பதற்கான விளக்கத்தைத் தேடி, அந்த ஒரு பத்தியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். கண்காட்சியில் பக்கத்து மேசைக்காரர் சொல்வதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் எல்லை 1898-க்கு முன்தான். ஆனால் சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் ஊசி தட்டினால் வெடிக்கும்) தோட்டாவைத் தோட்டாக்கூட்டிலிருந்து ஏற்றும் ரைபிள்கள் அந்த விலக்கில் சேராது. ஆகவே டொராண்டோவிலும் 1873 பழம்பொருள் அல்ல. ரிம்ஃபயர் 1866 பழம்பொருள்.

4. எதில் தொடங்குவது, எவ்வளவு ஆகும்

நான் பார்த்த மேசைகளின் விலை இது. நன்றாகத் தேய்ந்து பழுப்பேறிய, ஆனால் எல்லா உறுப்பும் அசலாக உள்ள மார்லின் 1893 (மார்லின், வின்செஸ்டரின் போட்டி நிறுவனம்) எழுநூறிலிருந்து ஆயிரத்து இருநூறு டாலர். அதே நிலையில் வின்செஸ்டர் 1892 ஆயிரத்தைத் தாண்டும். 1873 ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். பித்தளை நிற ரிசீவர் கொண்ட 1866 ஐயாயிரத்துக்கு மேல். 1860 ஹென்றி, வீட்டுக் கடனோடு சேர்த்து யோசிக்க வேண்டிய தொகை.

தொடங்குகிறவர்களுக்கு நான் மார்லினைச் சொல்வேன். வின்செஸ்டர் பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் தொகை இல்லை, போலிகளும் குறைவு. வின்செஸ்டர்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் 1892. நான் அடம்பிடித்தேன், 1873-இல் தொடங்கினேன். அதனால்தான் இந்தப் புத்தி வந்தது.

5. மேசை முன் நின்று பார்க்க வேண்டியவை

முதலில் விற்பவரிடம் அனுமதி கேட்டு, குழலை யாருக்கும் எதிராகத் திருப்பாமல், லிவரைப் பலமுறை மெதுவாக இயக்கிப் பாருங்கள். குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட தோட்டாக் குழாயில் ஒரு பழைய தோட்டா பல ஆண்டுகளாகச் சிக்கிக் கிடக்கலாம். ஒரு முறை இயக்கி ஒன்றும் வரவில்லை என்றால் காலி என்று பொருள் அல்ல. கைவிளக்கு அடித்து உள்ளே பாருங்கள். குதிரையை, அதாவது பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்தச் சுத்தியலை, வெறுமனே தட்டி விளையாடாதீர்கள். பழைய ஊசி உடைந்தால் உங்கள் செலவு.

அடுத்து திருகுகள். திருகாணித் தலைகளின் பள்ளம் சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத கருவியால் திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள்.

பிறகு ஓரங்கள். அசல் ரிசீவரின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். மெருகேற்றும் சக்கரத்தில் கொடுத்துப் புதுப்பித்திருந்தால் விளிம்பு உருண்டு, குழலின் மேலுள்ள எழுத்துகள் மங்கியிருக்கும். மரக்கட்டை இரும்பைச் சந்திக்கும் இடத்தை விரலால் தடவுங்கள். அசலில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மரம் இரும்புக்குக் கீழே தாழ்ந்துவிடும். என் இரண்டாவது துப்பாக்கி, கரு நீலமாக மின்னிய ஒரு மார்லின், இந்தத் தடவலில் தெரிந்திருக்க வேண்டியது. நான் கண்ணால் பார்த்து மயங்கி, விரலால் பார்க்க மறந்தேன். புதிதாக நீலமேற்றியது. விற்கப் போனபோது கொடுத்ததில் பாதிதான் கிடைத்தது.

குழல் மாற்றப்பட்டதா என்பதற்கு இரண்டு தடயங்கள். வின்செஸ்டர் தன் தொழிற்சாலைச் சோதனை முத்திரையை, ஒரு சிறு வட்டத்துக்குள் பொறித்த இரண்டு எழுத்துகளை, 1905 வாக்கில்தான் குத்தத் தொடங்கியது. 1890-இல் செய்த ரைபிளின் குழலில் மட்டும் அது இருந்தால் குழல் பின்னாளில் வந்தது. பிற்கால 1873-களில் தோட்டாவை மேலே தூக்கும் பித்தளைக் கட்டியின் அடியிலும் தோட்டாவின் அளவு பொறித்திருக்கும். குழலில் ஓர் அளவும் பித்தளையில் வேறு அளவும் இருந்தால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

ஓர் அளவுநாடா எடுத்துப்போங்கள். குழலை யாராவது வெட்டிச் சுருக்கியிருப்பது சாதாரணம். 1873 ரைபிளின் வழக்கமான குழல் 24 அங்குலம், கார்பைன் என்ற குட்டை வகைக்கு 20. நீளம் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். அது 1934-இன் வேறொரு கடுமையான சட்டத்துக்குள் போய்விடும். அந்தச் சட்டத்தில் தோட்டா எளிதில் கிடைக்கும் துப்பாக்கிக்குப் பழம்பொருள் விலக்கு இல்லை. விலக்கு அளிக்கப்பட்ட சில குட்டைக் கார்பைன்கள் உண்டு. அதற்கான கடிதத்தைக் காட்டாமல் எந்த வியாபாரி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ரிசீவரின் மேலும் பக்கத்திலும் கூடுதல் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். யாரோ ஒரு தாத்தா தொலைநோக்கி மாட்டத் துளைத்திருப்பார். மதிப்பு அங்கேயே சரிந்துவிடும்.

இத்தாலியில் உபெர்ட்டி போன்ற நிறுவனங்கள் இதே மாடல்களை நேர்மையாக, தங்கள் பெயர் பொறித்துப் புதிதாகச் செய்கின்றன. அவற்றின் இத்தாலிய முத்திரைகளை அரம் போட்டு அழித்து, அமிலம் பூசிப் பழசாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். குழலின் அடியில், மரம் மறைக்கும் பகுதியில் இயற்கைக்கு மாறான தேய்மானம் தெரிந்தால் அதுதான் காரணம். 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்த 1873-ஐக் கண்காட்சி மேசையில் யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். மொத்தமே நூற்றுச் சொச்சம் செய்யப்பட்டவை அவை.

நிலையைக் குறிக்கும் சொற்களிலும் ஒரு பொறி. அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கத்தின் பழம்பொருள் தரவரிசையில் 'ஃபைன்' என்றால் அசல் பூச்சு 30 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பளபளப்பைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

6. கோடியிலிருந்து ஒரு கடிதம்

வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊர். பெயர்தான் கோடி, கட்டணம் அப்படி இல்லை. அங்குள்ள பஃபலோ பில் மையத்தின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர், மார்லின் தொழிற்சாலைகளின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. சீரியல் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த ரைபிள் எந்தத் தேதியில் பேரேட்டில் ஏறியது, குழல் உருண்டையா எண்கோணமா, எந்தத் தோட்டா, எப்போது கிடங்கை விட்டுப் போனது என்று கடிதம் தருவார்கள். உறுப்பினருக்குக் கட்டணம் குறைவு. இரண்டுக்கு மேல் கேட்பதாக இருந்தால் உறுப்பினர் ஆகிவிடுவதே லாபம்.

எல்லா எண்ணுக்கும் பேரேடு இல்லை. 1892-க்கு 379,999 வரை, 1894-க்கு 353,999 வரை, 1886-க்கு 156,599 வரை. 1866-இன் முற்பகுதி எண்களுக்குப் பேரேடு கிடையாது. மார்லினுக்கு 1883 முதல் 1906 வரை. வாங்குவதற்கு முன்பே கடிதம் கேட்கலாம். விற்பவர் எண்ணைத் தர மறுத்தால் அதுவே பதில். கடிதத்தில் எண்கோணக் குழல் என்றிருந்து கையில் உருண்டைக் குழல் இருந்தால், பேரம் பேச உங்களிடம் இதைவிட நல்ல ஆயுதம் வேறில்லை.

7. எங்கே வாங்குவது

ஓக்லஹோமாவின் டல்சாவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் கண்காட்சியில் ஆயிரக்கணக்கில் மேசைகள். முதல் முறை வாங்கப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு மேரிலாந்தின் டிமோனியத்தில் நடக்கும் பழம் ஆயுதக் கண்காட்சி போதும். ஒரே நாளில் காரில் போய் வரலாம்.

ஏல நிறுவனங்களில் வாங்கினால் நீங்கள் கூவிய தொகை இறுதித் தொகை அல்ல. அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒரு சதவீதம் ஏறும். நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை பார்த்திருக்கிறேன். அனுப்பும் செலவும் சில இடங்களில் விற்பனை வரியும் சேரும். 1,500-க்குக் கூவியது 2,000-ஐத் தொட்டு வீட்டுக்கு வரும்.

8. அனுப்புவதும் கொண்டுவருவதும்

தோட்டாவை அமெரிக்கத் தபாலில் அனுப்பவே கூடாது; துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் 'இனாமாக' ஒன்றிரண்டு தோட்டா வைத்து அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால் தடுத்துவிடுங்கள். தனியார் கூரியர்களின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அனுப்பும் வாரத்தில் தொலைபேசியில் கேட்டு, பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மரக்கட்டையின் கழுத்துப் பகுதியில்தான் பெட்டிக்குள் முறியும். அங்கே இரண்டு மடங்கு பஞ்சு வைக்கச் சொல்லுங்கள்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். பழுப்பேறிய மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தப் பழுப்புதான் நீங்கள் கொடுத்த விலை. சிவந்த புதுத் துரு இருந்தால் மட்டும் எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாக எடுங்கள். தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைக்கும். அலமாரியில் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும்.

சுடலாமா என்றால், துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் கூடாது. 1866, 1873, 1876 மூன்றின் உள் மூட்டும் கருமருந்தின் மென்மையான அழுத்தத்துக்குச் செய்தது. பின்னாளில் வந்த அழுத்தம் கூடிய .44-40 தோட்டாப் பெட்டிகளில் '1892-க்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்ததற்குக் காரணம் உண்டு. நான் என்னுடையதைச் சுடுவதில்லை.

வீட்டுக் காப்பீடு திருட்டுப்போகும் துப்பாக்கிகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். பல பாலிசிகளில் 2,500 டாலர். 1866 ஒன்று வந்தாலே அது போதாது. சேகரிப்புப் பொருள்களுக்கான தனிப் பாலிசி எடுங்கள். அதற்கு ரசீது, சீரியல் எண், கோடிக் கடிதம், நான்கு கோணத்தில் புகைப்படம் கேட்பார்கள்.

10. ஊருக்குக் கொண்டுபோகலாமா?

கூடாது. அமெரிக்காவின் ஏற்றுமதி விதி 1898-ஐப் பார்ப்பதில்லை, 1890-ஐப் பார்க்கிறது. அந்த ஆண்டிலோ அதற்குப் பின்னோ செய்ததற்குப் பொதுவாக ஏற்றுமதி உரிமம் வேண்டும். இந்தப் பக்கம் தப்பினாலும் அந்தப் பக்கம் இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் நிற்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே அங்கே விலக்கு. சுடக்கூடிய 1873-க்குக் கிடையாது. மதுரையில் இருக்கும் அப்பா பார்க்க வேண்டுமென்று கேட்டார். காப்பீட்டுக்காக எடுத்த அந்த நான்கு புகைப்படங்களை அனுப்பிவைத்தேன்.